இஸ்லாமியர் கண்ட இறையிலக்கணம்

ஒரு சமயத்தின் உள்ளீட்டை அறிய விழைவார் முதற்கண் ஆராயற்பாலது, அச்சமயத்தார் தம் கடவுளை எத்தன்மையனாகக் கருதுகின்றனர் என்பதேயாம். தொழும் முறையும், உண்ணும் முறையும், மணவினையும், பிணவினையும் அவ்வொன்றினின்று கிளைப்பன. செங்கழுநீர் மலிந்தமையாற் பெயர்பெற்றதென்பர் பலராற் கூறப்படும் செங்கற்பட்டினைத் தலைநகராகக் கொண்ட இம்மாவட்டத்தில், சிறப்பாகக் கோவளம் முதலிய கடற்கரையூர்களில், இஸ்லாமியர் நெடுங்காலமாக நம்மோடு வாழ்கின்றனர். பெருநாளன்று அவர் இல்லத்து உணவு நம் இல்லத்திற்கு வருகின்றது. கிறிஸ்து பிறப்பு நாளில் நம் இல்லத்துப் பலகாரம் அவர் இல்லம் செல்கின்றது. ஆயினும், அவர் வழிபடும் இறைவன் எத்தன்மையன் என அவரையே வினவி, அவர் கூறும் விடையைப் பொறுமையுடன் கேட்டார் நம்முள் எத்துணையர்? இக்குறை நோக்கியே இக்கட்டுரை எழுதப்புகுந்தாம். யாம் கிறிஸ்தவர், தமிழ் பயிலும் மாணவர். சமயவாதம் புரிதல் எம் கருத்தன்று. தமிழ்நூல் பயின்ற கண்ணுக்கு இஸ்லாத்தின் கடவுட்கொள்கை எங்ஙனம் தோன்றுகின்றது என்பதே ஈண்டு யாம் கூறப்போவது.

தொடங்குதற்கு வகுப்பு வருகைப்பதிவேடே போதும். அப்துல் காதர், அப்துல் ரகுமான், அப்துல் கபூர், அப்துல் ரசாக், அப்துல் வஹாப், அப்துல் கனி, அப்துல் லத்தீப், அப்துல் சமது என நாள்தோறும் நம் செவியில் விழும் பெயர்களை நாம் வெறும் பெயர்களாகவே கேட்கின்றோம். அவை பெயர்கள் மட்டும் அல்ல; ஒவ்வொன்றும் ஒரு சிறு சமயபாடம். ‘அப்து’ என்பது அரபு மொழியில் அடியான் எனப் பொருள்படும். அதனை அடுத்து வருவதோ இறைவனுடைய குணப்பெயர்களுள் ஒன்று. காதர் என்பது ஆற்றலுடையோன். ரகுமான் அளவிறந்த அருளாளன். கபூர் பிழை பொறுப்போன். ரசாக் உயிர்கட்கெல்லாம் உணவளிப்போன். வஹாப் கைம்மாறு கருதாது வழங்குவோன். கனி எவரிடத்தும் எதனையும் வேண்டாதவன். லத்தீப் நுண்ணியன், இனியன். சமது யாவரும் தன்னைச் சார்ந்து நிற்கத் தான் எவரையும் சாராதவன். ஆகவே ஒரு வகுப்பறையிலுள்ள இஸ்லாமிய மாணவரை வரிசையாக அழைப்பின், இறைவனுடைய குணங்களிற் பத்துப் பன்னிரண்டு தாமே வெளிப்பட்டுவிடும். ‘அப்துல்’ என்று மட்டும் நண்பனை அழைப்பவர், ‘இன்னானுடைய அடியான்’ என்பதில் இன்னான் யாவன் என்பதை விட்டுவிட்டு அடியானை மட்டும் அழைக்கின்றார் என்பதையும் அறிதல் நலம். தேவதாசன், ஏசுதாசன் என்னும் நம்மவர் பெயர்களும் இவ்வகையினவே.

இக்குணப்பெயர்கள் தொண்ணூற்றொன்பது என்பது மரபு. இறைவனுக்கு நூற்றிற்கு ஒன்று குறைந்த திருப்பெயர்கள் உளவென நபிகள் நாயகம் அருளியதாக ஹதீஸ் நூல்களில் வழங்குகின்றது. அப்பெயர்களின் வரிசை திர்மிதி என்பாரின் தொகுப்பிற் காணப்படுகின்றது. தொழுகையின் பின் கையிலுருளும் தஸ்பீஹ் மணி தொண்ணூற்றொன்பதாகவோ, அதன் மூன்றிலொரு கூறாகிய முப்பத்துமூன்றாகவோ இருத்தலை நாம் கண்டிருப்போம். 1111-ஆம் ஆண்டு மறைந்த இமாம் கஸ்ஸாலி இப்பெயர்களுக்கென்றே ஒரு தனி நூல் யாத்தார். ஒவ்வொரு பெயரின் பொருளையும் கூறியபின், மாந்தன் அக்குணத்தில் தனக்குரிய சிறு பங்கினை எவ்வாறு பெறலாம் என்பதனையும் அவர் ஆராய்கின்றார். இறைவன் பொறுப்போனாயின் அடியானும் பிறர் பிழை பொறுத்தல் வேண்டும் என்பது போல்வன அவை. குணங்களை எண்ணுதல் வேறு, அவற்றின்படி ஒழுகுதல் வேறு என்பதனை அப்பேரறிஞர் நன்கு உணர்ந்திருந்தார்.

எண்ணிறந்த இக்குணங்கட்கெல்லாம் அடிப்படை ஒருமையாகும். ‘தவ்ஹீது’ என்று அரபியிற் கூறுவர். குர்ஆனின் 112-ஆம் அத்தியாயம் நான்கே வசனங்களையுடைய மிகச் சிறிய அத்தியாயம். அதன் பெயர் இக்லாஸ். இறைவன் ஒருவன், எவரையும் சாராதவன், எவரையும் பெற்றிலன், எவராலும் பெறப்பட்டிலன், தனக்கு நிகர் இல்லாதவன் என்னும் கருத்துக்களே அதன் பொருள். இஸ்லாமியச் சிறார் இளமையிலேயே மனனம் செய்யும் பகுதிகளுள் இஃதொன்று. ‘பெற்றிலன், பெறப்பட்டிலன்’ என்பது நம் நம்பிக்கையொடு நேரே மோதும் இடம் என்பதை மறைத்தற்கில்லை. அதனைப் பின்னர்க் காண்போம்.

இவ்வொருமை தமிழ்மொழியிற் புகுந்தபொழுது நிகழ்ந்ததொன்று தமிழ் மாணவராகிய எம்மைப் பெரிதும் கவர்ந்தது. நம் திருமறை மொழிபெயர்ப்பில் ‘தேவன் சொன்னார்’ என்று வரும். நம் செபத்தில் ‘நீர்’ என்று விளிப்போம். இஸ்லாமியத் தமிழரோ, ‘அல்லாஹ் கூறுகின்றான்’ என்பர். ‘நீ அருள்வாயாக’ என்பர். அதே நேரத்தில் நபிகள் நாயகத்தைக் குறிக்குங்கால் ‘நபியவர்கள் கூறினார்கள்’ என உயர்வுப்பன்மை தவறாது வரும். முதன்முறை கேட்கும் கிறிஸ்தவச் செவிக்கு இது வியப்பாக இருக்கும். தூதருக்கு ‘கள்’ விகுதியும் அவரை அனுப்பிய ஆண்டவனுக்கு ‘ஆன்’ விகுதியுமா என்று சிலர் முகஞ்சுளிப்பதும் உண்டு. இஃது இலக்கணம் அறியாமையால் வரும் சுளிப்பு. ‘ஆர்’ என்பது பலர்பால் விகுதி. ஒருவரைக் குறிக்க அது வருங்கால் உயர்வு பற்றி வந்த பன்மையே. வடிவத்தில் அது பன்மையினின்று வேறுபடாது. இறைவனிடத்துப் பன்மையின் நிழல்தானும் படுதல் ஆகாதென்று அஞ்சுவார்க்கு, மரியாதைப் பன்மையும் அஞ்சத்தக்கதேயாம். கோவளத்துத் தர்காவில் யாம் கண்ட முதியவர் ஒருவரை இதுபற்றி வினவியபோது, “அவர்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லையே, தம்பி, அவன் ஒருவனல்லவா?” என்று எளிதாகக் கூறிவிட்டார். நன்னூலார் உரைப்பினும் இதனினும் சுருங்க உரைத்திரார்.

ஈண்டு ஒரு வியப்பும் உண்டு. குர்ஆனின் மூலத்தில் இறைவன் தன்னைக் குறித்துப் பலவிடங்களில் தன்மைப் பன்மையாற் பேசுகின்றான். அது பெருமை பற்றிய பன்மை என்பர் உரைகாரர். தமிழ் மொழிபெயர்ப்புக்கள் அதனை ‘நாம்’ என்றே பெயர்க்கின்றன. ‘நாம்’ முன்னிலையாரையும் உளப்படுத்துமாதலின், ‘யாம்’ என்றிருந்தால் இன்னும் பொருந்துமே என்று இலக்கண மாணவர் ஐயுறலாம். கட்டுரை எழுதும் சிறாராகிய யாமே ‘யாம்’ என்று பெருமிதத்துடன் எழுதிக்கொள்ளும்போது இதனை மிக வலியுறுத்தல் தகாது.

கடவுளைக் குறிக்கும் சொல்லைத் தேடி இடர்ப்பட்டவர் இஸ்லாமியர் மட்டுமல்லர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாட்டிற் சருவேசுரன் என்ற சொல் ஆளப்பட்டது. அது கத்தோலிக்க மிஷனெரிமாரிடமிருந்து பெற்றது. பின்வந்த பப்ரிசியுஸ் பராபரன் என்றார். இரேனியுஸ் தேவன் என்றார். 1871-இல் வெளிவந்த திருத்தப் பதிப்பில் அதுவே நிலைத்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் கடவுள் என்கின்றது. இவற்றுட் பராபரம் என்னுஞ் சொல் மிக்க சுவையுடையது. தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார். அவர் வழியில், 1838-இல் சென்னையில் அடங்கிய சூஃபி ஞானியாராகிய குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடினார். பப்ரிசியுசின் திருமறையைப் படித்த நம் முன்னோரும் பராபரனையே தொழுதனர். மூன்று சமயத்தார் ஒரு சொல்லின் கீழ் நின்ற காலம் ஒன்று இருந்தது. இறைவன், ஆண்டவன் என்னும் சொற்கள் இன்றும் அவ்வாறே பொதுவில் நிற்கின்றன. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று தூய தமிழ்ச்சொற்களை இஸ்லாமியர் ஆண்டு வருதலையும், ஜெபம், உபவாசம் என்று நாம் வடசொற்களை ஆண்டு வருதலையும் ஒப்புநோக்கின், மொழிப்பற்றில் அவர்க்கு நாம் கடன்பட்டவராவோம்.

கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. அக்கடற்கரை வழியே ஒரு நாளிற் சென்று வருவார்க்கு, கடவுட்குணத்தை உணர்த்தும் இருவேறு நெறிகள் கண்கூடாகும். மாமல்லபுரத்தில், 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் காலந்தொட்டுப் பல்லவர் பாறையைக் குடைந்தும் செதுக்கியும் தெய்வத் திருவுருவங்களை அமைத்தனர். மகிடாசுரமர்த்தினி மண்டபத்திற் கொற்றவைக்குக் கைகள் பல. ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு படைக்கலம். அவை வெறும் அணிகலன் அல்ல. இறைமையின் ஆற்றல் பலதிறப்பட்டதென்பதைச் சிற்பி கல்லின் மொழியிற் கூறும் முறை அதுவே. குணத்தை அவன் உறுப்பாக்கினான். கோவளத்திலோ, தமீமுல் அன்சாரி அவர்களின் தர்காவிற்கு அண்மையிலுள்ள பள்ளிவாசலிற் புகின், எவ்வுருவமும் இல்லை. மக்கா நகரின் திசையைக் காட்டும் மாடமே உண்டு. ஆங்குக் குணங்கள் அனைத்தும் பெயர்களாயின. கல்லிற் செய்ததை இவர் சொல்லிற் செய்தனர் எனலாம். உருவம் அமைப்பின் குணத்திற்கு எல்லை அமைந்துவிடும் என்பது அவர் அச்சம். எட்டுக் கைகளை உடையது ஒன்பதாம் கையை இழந்ததன்றோ? சொல்லுக்கும் எல்லை உண்டென்பதை அவர் அறியாதவரல்லர். அதனாலேயே, தொண்ணூற்றொன்பதொடு இறைவன் பெயர்கள் முடிந்துவிடவில்லை என்றும், மாந்தர்க்கு அறிவியாது அவன் தன்னிடத்தே வைத்துள்ள பெயர்களும் உளவென்றும் அவர்தம் ஆசிரியர் உரைப்பர்.

அத்தர்காவைக் குறித்தும் ஒரு சொல். தமீமுல் அன்சாரி நபிகள் நாயகத்தின் தோழர் என்பதும், அவர் உடல் தாங்கிய பேழை கடலில் மிதந்து இக்கரை சேர்ந்தது என்பதும் அவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. பல சமயத்தாரும் அங்கு வந்து நேர்ச்சை செலுத்துகின்றனர். இஸ்லாமியருள்ளேயே ஒரு சாரார் இதனை ஒப்புவதில்லை. அடக்கத்தலத்தில் வேண்டுதல் செய்வது இறைவனது ஒருமைக்கு இழுக்கென்பது அவர் வாதம். வேண்டுவது இறைவனிடமே, பெரியாரின் பொருட்டால் வேண்டுகின்றோம் என்பது மற்றவர் விடை. புறத்தே நிற்கும் யாம் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. ஆயின் இவ்வழக்கு ஒன்றைத் தெளிவாக்குகின்றது: ஒருமை என்பது இச்சமயத்தில் ஏட்டளவில் நிற்கும் கோட்பாடன்று, ஒருவன் எந்தப் படியில் தலைதாழ்த்தலாம் என்பதுவரை அஃது இறங்கி வருகின்றது.

இனிக் குணங்களின் கணக்கிற்கு வருவோம். பெயர்கள் பலவாயினும், அவற்றை ஆராய்ந்த அறிஞர் அவற்றின் வேராக ஏழு குணங்களைக் கண்டனர். அவை உயிருடைமை, அறிவு, ஆற்றல், விருப்பம், கேட்டல், காண்டல், பேச்சு என்பன. 935-ஐ ஒட்டி மறைந்த இமாம் அஷ்அரியின் வழியினர் இவ்வேழினையும் போற்றுகின்றனர். சோழமண்டலக் கரையோரத்து இஸ்லாமியருட் பலர் ஷாஃபிஈ நெறியினர். அந்நெறியினர் நம்பிக்கைத் துறையிற் பெரிதும் அஷ்அரியின் வழிச் செல்பவர். 15-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் தில்மிசான் நகரில் வாழ்ந்த ஸனூஸி என்பவர் இதனை விரித்து இருபதாக்கினார். உளதாதல் ஒன்று, தொன்மை, அழிவின்மை, படைக்கப்பட்ட பொருள்களின் வேறாதல், தன்னானே நிற்றல், ஒருமை என்பன ஐந்து, முன்னர்க் கூறிய ஏழு, அவ்வேழினையும் உடையனாதல் மற்றோர் ஏழு. ‘அறிவு’ என்பது ஒன்று, ‘அறிவுடையனாதல்’ என்பது மற்றொன்று எனப் பிரித்தெண்ணும் இந்நுட்பத்தை, பண்புப்பெயரையும் அதனடியாகப் பிறக்கும் குறிப்புவினையையும் பிரித்துப் பயின்ற தமிழ் மாணவர் எளிதில் உணர்வர்.

இப்பட்டியலைக் கண்டவுடன் எம் நினைவில் எழுந்தது திருக்குறட் கடவுள் வாழ்த்திற்குப் பரிமேலழகர் வரைந்த உரை. ஆண்டு அவர், சைவாகமத்திற் கூறப்பட்டவாறு, இறைவனுடைய எண்குணங்களை எண்ணிக்காட்டுகின்றார். தன்வயத்தனாதல், தூய உடம்பினனாதல், இயற்கை உணர்வினனாதல், முற்றும் உணர்தல், இயல்பாகவே பாசங்களின் நீங்குதல், பேரருளுடைமை, முடிவிலாற்றலுடைமை, வரம்பிலின்பமுடைமை என்பன அவை. தன்வயத்தனாதல் என்பதும் அரபியர் கூறும் தன்னானே நிற்றல் என்பதும் உடன்பிறந்தார் போல்வன. முற்றுமுணர்தல் இல்மு என்னும் அறிவொடும், முடிவிலாற்றல் குத்ரத்து என்னும் ஆற்றலொடும் செவ்வனே பொருந்தும். ஒற்றுமை கண்டு மகிழ்தல் எளிது. வேற்றுமையிற்றான் பொருள் மிகுதி. பரிமேலழகரின் எட்டனுள் பேச்சு இல்லை; அஷ்அரியின் ஏழனுள் இன்பம் இல்லை. ஒன்று தன்னுள் நிறைந்து இன்புற்றிருக்கும் இறைவனைக் காண்கின்றது. மற்றொன்று மாந்தரை நோக்கிப் பேசும் இறைவனை, அவர் கூப்பாட்டைக் கேட்கும் இறைவனைக் காண்கின்றது. தூதரையும் மறைநூலையும் நடுவாகக் கொண்ட சமயம் பேச்சினைக் கடவுளின் இன்றியமையாக் குணமாகக் கொண்டது இயல்பே. இவ்விடத்தில் நாம் இஸ்லாமியரின் பக்கத்தில் நிற்கின்றோம். நம் கடவுளும் பேசுபவரே.

பேச்சென்னும் இக்குணமே இஸ்லாமிய வரலாற்றில் மிகக் கொடிய பூசலொன்றை விளைத்தது. பஸரா நகரிற் கிளைத்த முஃதஸிலாக்கள் என்னும் அறிஞர் கூட்டத்தார், ‘இறைவன் ஒருவனே அநாதி. அவனது அறிவும் ஆற்றலும் பேச்சும் அவனின் வேறாய் அநாதியாக உளவெனின், அநாதிப்பொருள் பலவாகும். அது கிறிஸ்தவர் கூறும் மூவொருமை போலாகும்’ என்று வாதித்தனர். ஆகலின் இறைவன் தன் உண்மையாலேயே அறிகின்றான், அறிவென ஒன்று தனித்தில்லை என்றனர். குர்ஆனும் படைக்கப்பட்டதே என்பது அவர் முடிபு. 833-ஆம் ஆண்டில் பாக்தாதின் கலீபா மஃமூன் இம்முடிபினை அரசாணையாக்கி, நீதிபதிகளையும் அறிஞரையும் அழைத்து ஒப்புக்கொள்ளுமாறு சோதனை செய்வித்தார். பலர் பணிந்தனர். அஹ்மத் இப்னு ஹன்பல் என்பார் பணிந்திலர். அவர் சிறைப்பட்டார், அடுத்த கலீபா முஃதஸிமின் காலத்தில் கசையடியும் பட்டார். இறைவனது பேச்சு படைக்கப்பட்டதெனத் தம் வாயால் அவர் கூறவே இல்லை. பின்வந்த முதவக்கில் கலீபா அச்சோதனையை நிறுத்தினார். ஒரு குணத்தின் இலக்கணத்திற்காக ஒருவர் முதுகு கிழிய அடியுண்டார் என்பது நம் காலத்தார்க்கு நம்புதற்கரிதாகலாம். திருச்சபை வரலாற்றில் ஆரியுஸ் காலத்துப் பூசலைப் படித்தார்க்கு அரிதன்று.

முஃதஸிலாக்களுக்கு அஷ்அரியர் கூறிய விடை மிக நுட்பமானது: இறைவனுடைய குணங்கள் அவனே அல்ல, அவனின் வேறும் அல்ல. இது முரணுரை போலத் தோன்றும். ஆயின் ஆறாம் வேற்றுமையைப் பயின்றார் சிறிது நின்று எண்ணுக. ஆறாம் வேற்றுமைப் பொருள் தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும். ‘மீனவனது படகு’ என்பது பிறிதின்கிழமை; படகினை விற்றுவிடலாம், மீனவன் மீனவனாகவே இருப்பான். ‘சங்கினது வெண்மை’ என்பது தற்கிழமைப்பண்பு. வெண்மையே சங்கன்று, சங்கினை விட்டு வெண்மையைத் தனியே எடுத்துக் காட்டவும் இயலாது. ‘இறைவனது அறிவு’ என்ற தொடரிலும் ஆறனுருபு தற்கிழமைப் பொருளிலேயே வந்தது எனக் கொள்வோமாயின், அதுவே அஷ்அரியர் கருத்து. உவமை முற்றும் பொருந்தாது. சங்கு பழுப்பேறும், இறைவனது அறிவு மாறாது. எனினும் தமிழிலக்கணத்திற் பழகிய ஒருவர்க்கு இவ்வரபு வாதம் அயன்மையாகத் தோன்றவேண்டுவதில்லை.

இப்பூசலுக்கு முன்பே, தமஸ்கு நகரத்து யோவான் என்னும் திருச்சபைத் தந்தை இதனுள் ஒரு வாயிலைக் கண்டார். குர்ஆன் இயேசுவை இறைவனின் வார்த்தை என்று குறிக்கின்றது. அவ்வார்த்தை படைக்கப்பட்டதோ, படைக்கப்படாததோ என்று அவர் கேட்டார். படைக்கப்பட்டதெனின் அதற்குமுன் இறைவன் வார்த்தையின்றி இருந்தானா என்பது அவர் மடக்கு. இஸ்லாமியர் இதற்கு வாளாவிருந்திலர். ‘ஆகுக’ என்னும் இறைவாக்கினால் தந்தையின்றிப் பிறந்தமையின் இயேசு வார்த்தை எனப்பட்டார். அநாதியான பேச்சென்னும் குணமே அவரென்பது பொருளன்று என்றனர். நாம் யோவான் சுவிசேஷத்தின் முதலதிகாரத்தையே நம்பி நிற்கின்றோம். ஆயினும், படைக்கப்படாத வார்த்தை ஒன்று உண்டென்பதை இருவரும் ஒப்புகின்றோம் என்பதனையும், நமக்கு அது மாம்சமாயிற்று, அவர்க்கு அது நூலாயிற்று என்பதனையும் அறியாது வாதஞ்செய்வார், ஒருவரையொருவர் காணாது இருளிற் சிலம்பம் ஆடுவாரை ஒப்பர்.

குர்ஆனில் இறைவனது கை, முகம் என்னும் சொற்களும், அவன் அரியணைமீது நிலைகொண்டமையும் வருகின்றன. ‘கை’ உறுப்பாயின் தற்கிழமையுள் உறுப்பின்பாற்படும்; அங்ஙனமாயின் உருவம் வந்துவிடுமன்றோ? சிலர் அதனை ஆற்றல் என ஆகுபெயர்ப்பொருள் கொண்டனர். பலர், சொல் வந்தவாறே நம்புவோம், எவ்வாறு என வினவோம் என்றனர். 795-இல் மறைந்த மதீனத்து இமாம் மாலிக் இக்கேள்வியைக் கேட்டவரையே கடிந்துகொண்டார் என்பர். கேள்வி கேட்டே பழகிய கல்லூரி மாணவர்க்கு இது கசக்கும்.

அருளும் வன்மையும் ஒருவனிடத்தே எவ்வாறு பொருந்தும் என்பது இவற்றினும் கடிய வினா. குர்ஆனின் 114 அத்தியாயங்களுள் 113, ரகுமான், ரஹீம் என்னும் இரு அருட்பெயர்களொடு தொடங்குகின்றன. அவ்விரு சொற்களின் வேர், தாயின் கருப்பையைக் குறிக்கும் சொல்லுக்கும் வேராகும். எபிரேய மொழியிலும் அவ்வாறே. ஆயினும் அதே பட்டியலில் அடக்கியாள்வோன், இறக்கச் செய்வோன், துன்புறுத்துவோன் என்ற பெயர்களும் உள. யாம் பிறப்பதற்கு முன், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், இக்கரை முழுதும் ஆழிப்பேரலை புகுந்தது. மாமல்லபுரத்திற் கடல் பின்வாங்கியபோது பழைய கற்கள் சில வெளிப்பட்டன என்று செய்தித்தாள்கள் வியந்தெழுதின. மீனவர் குப்பங்களிலோ வியத்தற்கு எவரும் இல்லை, அழுவாரே இருந்தனர். இந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர் என்று அலை பிரித்தறியவில்லை. இஃது எவனுடைய விருப்பம்? முஃதஸிலாக்கள், இறைவன் நீதிக்கு மாறானது செய்யான், செய்தலும் ஆகாது என்பர். அஷ்அரியரோ, அவன் விருப்பத்தை அளக்க நம் கையில் வேறு கோல் இல்லை என்பர். இரண்டும் மகவிழந்த தாய்க்கு விடையாகா என்பதே எம் கருத்து. ஆயின் திருப்பெயர் மரபில் ஒரு நுட்பம் உண்டு. துன்புறுத்துவோன் என்ற பெயரை நன்மை செய்வோன் என்ற பெயரொடு சேர்த்தே கூறல் வேண்டும், தனித்துக் கூறல் ஆகாது என்பர் ஆசிரியர். சுருக்குவோனும் விரிப்போனும் அவ்வாறே இணைந்து நிற்பர். இரட்டைக்கிளவி பிரிந்திசையாதென்பது நாம் பயின்ற விதி. சொல்லாற் பிரியாத இவ்விணைகள் பொருளாலும் பிரியா என்று நம்புவதே இஸ்லாமியரின் பொறுமை. யோபின் நூலைப் படித்த நமக்கு அப்பொறுமை புதிதன்று.

இறுதியாக, தந்தை என்னும் பெயர். தொண்ணூற்றொன்பதனுள் அஃது இல்லை. சைவரும் அப்பனே என்பர், நாம் பரமபிதாவே என்போம். இஸ்லாமியர் மட்டும் அப்பெயரைத் தவிர்க்கின்றனர். நாம் பிதா என்பதில் உடலாற் பெறுதல் என்னும் பொருள் சிறிதும் இல்லையென்று எம் இஸ்லாமிய வகுப்புத்தோழர்க்கு யாம் எடுத்துரைத்தோம். அவர், பொருள் இல்லையாயினும் சொல்லின் நிழல் விழுமே என்றார். பின்னர் அவரே ஒரு ஹதீஸைக் கூறினார். போர்ச் சிறைப்பட்ட பெண்ணொருத்தி தன் குழந்தையைத் தேடிக் கண்டு மார்போடணைத்ததை நபிகள் நாயகம் தோழர்க்குக் காட்டி, இவளுக்கு இக்குழந்தைமீதுள்ள இரக்கத்தினும் இறைவனுக்குத் தன் அடியார்மீதுள்ள இரக்கம் பெரிது என உணர்த்தினாராம். யாம் இதனை அணியிலக்கணத்தாற் புரிந்துகொண்டோம். நாம் இறைவனைத் தந்தை என்கின்றோம். அவர் ‘தாயினும்’ என்கின்றார். ‘இன்’ உருபு ஈண்டு உறழ்ச்சிப் பொருளது. ஒப்பிடும், ஆனால் ஒன்றாக்காது. ஒன்றாக்கலைத்தான் அவர் அஞ்சுகின்றார்.

அத்தோழர் அதனோடு நின்றிலர். தொழுகைதோறும் ஓதும் முதலத்தியாயத்தில் இறைவனை ‘ரப்பு’ என்கின்றோமே, அதன் வேரை நோக்குக என்றார். ஆண்டவன் என்று தமிழிற் பெயர்க்கப்படும் அச்சொல்லில் வளர்த்து நிறைவுபடுத்தல் என்னும் பொருளும் உண்டு. குர்ஆனின் 17-ஆம் அத்தியாயத்தில், மகன் தன் தாய்தந்தையர்க்காக வேண்டும் வேண்டுதல் ஒன்று வருகின்றது. சிறுவனாக இருந்தபோது அவர் என்னை வளர்த்தமை போல நீ அவர்மீது இரங்குவாயாக என்பது அதன் கருத்து. ஆங்கு, பெற்றோர் ‘வளர்த்தமை’யைக் குறிக்க வரும் வினையும் ஒலியாலும் பொருளாலும் அச்சொல்லுக்கு நெருங்கியதாம்.